எட்டாவது படி

நான் ஒரு பொய் சொன்னேன். புத்தகத்தில் இல்லாத ஒரு விதியை இருப்பதாகச் சொல்லி, என்னை நம்பி என் மேசைக்கு வந்த ஒரு மனிதனை அவன் நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்தேன். அவன் பெயர் மாரியப்பன்.

அது ஒரு விளையாட்டில் நடந்தது. இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்... வரட்டும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். விளையாட்டுதானே!

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சீனர் ஒருவரின் மளிகைக் கடை மாடியில் வாடகைக்கு இருந்தேன். இடைநிலைப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியர். மணமாகாதவன். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய நண்பன் ஒருவன் ஓர் ஆட்டத்தின் புத்தகத்தை என்னிடம் விட்டுச்சென்றிருந்தான்.

அந்த ஆட்டத்துக்குப் பலகை கிடையாது. ஒருவன் ஒரு மாயக்கதையை நடத்துவான். பாழடைந்த கோட்டை, பூதம், புதையல் என்று. மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை எண்கள் முடிவுசெய்யும். புத்தகம் கேட்ட இருபது முகப் பகடை பினாங்கில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. எண் எழுதிய அட்டைத் துண்டுகளைப் பால் டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தோம்.

கதையை நடத்தியவன் நான். நடத்துபவனின் புத்தகத்தை மற்றவர்கள் திறந்து பார்க்கக்கூடாது என்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். அதனால் அதில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னேனோ, அதுதான் அதில் இருந்தது.

ஞாயிறு பிற்பகல்களில் மூன்று பேர் வருவார்கள். முதலாமவன் குணா, எங்கள் பள்ளி அறிவியல் கூடத்து உதவியாளன், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டுக்காரன். வாய் ஓயாமல் பேசுவான். இரண்டாமவன் சிவநேசன். எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தம்பி, சட்டம் படித்துக்கொண்டிருந்தான். என் குடும்பத்தைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்றாமவன் மாரி. குணாவோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவனும் அங்கேயே கப்பலில் சரக்கு இறக்கும் கும்பலில் இருந்தான்.

ஆட்டத்தில் பாத்திரங்கள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். இந்த வகைக்கு ஆங்கிலப் புத்தகம் 'கிளாஸ்' என்ற சொல்லைப் போட்டிருந்தது. முதல் நாள் நான் அதை 'வகுப்பு' என்றேன். "எந்த வகுப்புண்ணே, நாலாம் வகுப்பா?" என்று குணா கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். 'பிரிவு' என்றேன். அதுவும் ஒட்டவில்லை.

பிறகு 'சாதி' என்றேன்.

உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பூசாரி ஒரு சாதி, வீரன் ஒரு சாதி, திருடன் ஒரு சாதி. எவ்வளவு எளிதாகப் புரிந்தது! ஒருவரும் சிரிக்கவில்லை. பொருத்தமான சொல்லைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

அடுத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மாரியிடம்கூட. சிவநேசனிடம் என்னவாக இருக்க விருப்பம் என்று கேட்டேன். மந்திரவாதி என்றான். குணாவிடம் கேட்டேன். வீரன் என்றான். மாரியிடம் நான் கேட்கவே இல்லை. "நீ திருடன்" என்றேன். மிச்சம் இருந்தது அதுதான் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. பூசாரியும் மிச்சம் இருந்தது.

மாரி முகம் சுளிக்கவில்லை. தன் பாத்திரத்துக்கு 'நிழலன்' என்று பெயர் வைத்தான்.

நிழலனைப்போல் ஒரு பாத்திரத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பூதத்தோடு சண்டை என்றால் குணா வாளை உருவுவான், சிவநேசன் தன் ஒரே மந்திரத்தைச் சொல்வான், அது தவறிவிட்டால் மூலையில் ஒளிந்துகொள்வான். மாரி மட்டும் கேள்வி கேட்பான். பூதம் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறது? காவல்காரன் எப்போது சாப்பிடப் போவான்? கயிறு நனைந்திருக்கிறதா? கப்பலின் சரக்கறையில் வேலை செய்தவனுக்குக் கயிறும் கொக்கியும் சுமையும் நன்றாகத் தெரியும். நான் யோசித்தே பார்க்காத ஒரு வழியாக நுழைந்து, சண்டையே இல்லாமல் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிடுவான்.

ஆட்டத்தில் புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரம் படி ஏறும். படி ஏறினால் வலிமை கூடும். ஒன்பதாவது படியை எட்டியவன் தனக்கென்று ஒரு வீட்டையோ கோட்டையோ கட்டிக்கொள்ளலாம், தன்னைத் தேடி வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். திருடன் மற்றவர்களைவிட வேகமாகப் படி ஏறுவான். மாரி ஏழாவது படியைத் தாண்டி எட்டுக்கு வந்தபோது மற்ற இருவரும் ஆறில்தான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வீடு வரைந்திருந்தான். நிழலன் ஒன்பதாவது படியில் கட்டப்போகும் வீடு. கூடம், மூன்று அறை, தனிச் சமையலறை, கடல் பார்த்த சன்னல். மாரியின் குடும்பம் அப்போது துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையில் இருந்தது. சமையல், படுக்கை, அவன் அப்பாவின் இருமல் எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான்.

"திருடனுக்கு எதுக்குடா சமையக்கட்டு?" என்று குணா கேட்டான்.

"திருடனுக்கும் அம்மா இருப்பாங்கதானே," என்றான் மாரி.

அந்த வீட்டுக்காக அவன் வாரம் தவறாமல் வந்தான். அவனுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்... தெரிந்தேதான் செய்தேன்.

அன்று ஆட்டம் முடிந்து மற்ற இருவரும் போன பிறகு சிவநேசன் தங்கினான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"என்ன அண்ணை, எல்லாத்தையும் அந்தக் கள்ளனே செய்யிறான். நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்? அவன் வீடு கட்டி, நாங்கள் அவன்ர வீட்டில போய் இருக்கிறதோ?"

அந்தக் கடைசி வாக்கியம் ஆட்டத்தைப் பற்றியது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. "சாதிகளுக்கு நடுவில ஒரு சமநிலை வேணும், பாருங்கோ," என்றான்.

சமநிலை! அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்கள். திருடன் வேகமாக ஏறுவான், ஆனால் எந்தப் படியிலும் நேருக்கு நேர் நின்று அடிக்க அவனால் முடியாது. மந்திரவாதி தொடக்கத்தில் ஒரு பூனை பிறாண்டினாலே செத்துவிடும் அளவுக்கு நோஞ்சான். பொறுமையாக இருந்தால் பின்னால் ஒரு படையையே எரிப்பான். வீரன் ஒரே சீராக வளர்வான். எல்லோரும் ஒரே நாளில் சமமாக இருக்க மாட்டார்கள், ஆளுக்கொரு காலம் வரும். அதுதான் அங்கே சமநிலை. சிவநேசனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கலாம். மந்திரம் தெரிந்தவன் மட்டுமே திறக்கக்கூடிய ஒரு கதவைக் கதையில் வைத்திருக்கலாம். நடத்துபவனுக்கு அது ஒரு நிமிட வேலை.

நான் அதைச் செய்யவில்லை. சிவநேசனின் அக்காவை எனக்குப் பேசி முடிப்பது அவன் வீட்டார் கையில் இருந்தது. அது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் இன்னொரு பொய் சொன்னவன் ஆவேன். மாரி எங்களுக்கு முன்னால் போய்விட்டது எனக்கும் உறுத்தியது. துறைமுகத்திலிருந்து வருகிறவன், நான் படித்துச் சொன்ன ஆட்டத்தில், என்னையே ஒவ்வொரு வாரமும் திணறவைத்தான்... அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மழை. கடைக்காரர் கீழே கதவுப் பலகைகளைப் பாதி மூடிவைத்திருந்தார். அன்றைய ஆட்டத்தில் சிவநேசனின் மந்திரம் மீண்டும் தவறியது. நிழலன் காவல்காரனின் சாவியை எடுத்து மூவரையும் தப்புவித்தான். புள்ளிகளைக் கூட்டினேன். ஒன்பதாவது படிக்குப் போதுமானது வந்துவிட்டது. மாரி நாட்காட்டித் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். பக்கங்களைப் புரட்டினேன். குள்ளர் என்ற மலைவாசிக் கூட்டத்தைப் பற்றிய பக்கம் வந்தது. அவர்கள் ஒரு குறிப்பிட்ட படிக்கு மேல் ஏற முடியாது என்று அங்கே ஒரு விதி உண்டு. திருடனுக்கு அப்படி எதுவும் கிடையாது. நான் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இந்தச் சாதிக்கு எட்டோட சரி, மாரி. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

குணா கேட்டான்.

"அப்ப எனக்குண்ணே?"

"வீரனுக்கு எல்லை இல்ல."

அவனுக்கு நிம்மதி. சிவநேசன் எதையும் கேட்கவில்லை. பால் டின்னைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். மாரி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்ற வழக்கத்தை அந்த நேரத்திலும் அவன் மீறவில்லை.

"பரவால்லண்ணே. புக்குல இருந்தா என்ன செய்ய முடியும்," என்றான். தாளை மடித்து வைத்துக்கொண்டான்.

அதன் பிறகும் சில வாரங்கள் வந்தான். கேள்வி கேட்பது நின்றுபோயிற்று. குணா வாளை உருவினால் இவன் பின்னால் நிற்பான். நிழலன் ஒருநாள் ஒரு சாதாரணப் பொறியில் விழுந்து செத்தான். வேறு பாத்திரம் எடுத்துக்கொள் என்றேன். கேளுங்கள் இதை! இப்போது நான் அவனுக்குப் பூசாரியைத் தர முன்வந்தேன். வேண்டாம் என்றான். அடுத்த வாரம் வரவில்லை.

அந்த ஆண்டு துறைமுகத்தில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிகளில் வரத் தொடங்கியிருந்தது. மூட்டை தூக்க ஆள் வேண்டாம். அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் பெட்டி தூக்கும் கிரேனை ஓட்டப் பயிற்சி தருகிறார்கள், மாரியின் மேற்பார்வையாளர் அவன் பெயரையும் சேர்த்திருக்கிறார் என்று குணா சொன்னான். இரண்டு மாதம் கழித்து அதே குணா, மாரி போகவில்லை என்று சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு மாரி சிரித்துக்கொண்டே பதில் சொன்னானாம்: "நம்ம சாதிக்கு எட்டோட சரிலா."

குணா இதை ஒரு வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு விளையாட்டில் சொன்ன சொல் ஒரு மனிதனை அப்படிச் செய்யுமா? அவனுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அப்பாவின் நோய் இருந்தது. ஆங்கிலத்தில் நடக்கும் பயிற்சிக்குப் பயந்திருக்கலாம். நான் சொன்னது அந்தக் காரணங்களோடு சேர்ந்த ஒன்றாக மட்டும் இருந்திருக்கலாம். இதையெல்லாம் எத்தனையோ முறை எனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் வந்து நிற்கிறது. அது அவனுடைய வாக்கியம் இல்லை. என்னுடையது.

குடியிருப்பைக் காலிசெய்யச் சொன்னதும் மாரி பெற்றோருடன் அக்கரையில் தாசேக் கெலுகோருக்குப் போய்விட்டான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை. எனக்குத் திருமணம் நடந்தது. சிவநேசன் என் மைத்துனன் ஆனான், வழக்கறிஞரும் ஆனான். ஆட்டம் அத்தோடு கலைந்தது. அவனுடைய மந்திரவாதி ஏழாவது படியைக்கூட எட்டவில்லை.

சில ஆண்டுகள் கழித்துக் குணாவின் திருமணத்தில் மாரியைப் பார்த்தேன். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணே, அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டான். தன் மனைவியிடம், "இந்த அண்ணன் வீட்லதான் அந்த ஆட்டம் ஆடுவோம்னு சொன்னேனே," என்றான். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ அவனிடம், இன்னுமா அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறாய், ஒரு கார் வாங்கக்கூடாதா என்று கேட்டார்கள்.

"நம்ம சாதிக்கு எட்டோட சரிலா," என்றான் மாரி.

பந்தியே சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை போலிருக்கிறது. வீட்டுக் கடன் கிடைக்காதபோதும், லாரி வழியில் நின்றுவிட்டபோதும், மகள் பிறந்து அவளை எந்தப் பள்ளியில் போடலாம் என்ற பேச்சு வந்தபோதும் இதையே சொல்வானாம்.

அப்போதும் நான் சொல்லவில்லை. இன்னும் பல ஆண்டுகள் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி இறந்தாள். சிவநேசன் வீட்டாருக்குப் பயப்பட இனி ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனசாட்சி உறுத்திய அன்றே புறப்பட்டவன் இல்லை நான்.

படகில் அக்கரைக்குப் போய்ப் பேருந்து பிடித்தேன். புத்தகத்தையும் எடுத்துச் சென்றேன். மாரி தோட்டத்து வீடு ஒன்றில் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

சொன்னேன். குள்ளர் பக்கத்தைத் திறந்து காட்டி, திருடன் பக்கத்தையும் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். சிவநேசன் பேசியதையும் சொன்னேன். பூசாரி மிச்சம் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப புக்குல இல்லியா?"

"இல்லை."

"திருடனுக்கு எல்லையே கெடையாதா?"

"கிடையாது. உன் நிழலன் அன்றைக்கே ஒன்பதாவது படிக்குப் போயிருக்க வேண்டியவன்."

இப்படித்தான் சொன்னேன். நாற்பது வயதை நெருங்கிய, செம்பனை முள் கிழித்த கைகளோடு உட்கார்ந்திருந்த மனிதனிடம், அவன் நிழலனுக்கு நான் பதவி உயர்வு கொடுத்தேன்!

மாரி கோபப்படவில்லை. கோபப்படுவான் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். என்னை இரண்டு வார்த்தை திட்டுவான், நான் தலைகுனிந்து வாங்கிக்கொள்வேன், பிறகு இருவரும் காப்பி குடிப்போம்... அப்படி ஒரு காட்சியைப் பேருந்தில் வரும்போதே மனத்தில் நடத்திப் பார்த்திருந்தேன். கதை நடத்திப் பழகியவன் அல்லவா!

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இவ்ளோ வருஷமா அது எவனோ வெள்ளக்காரன் எழுதி வச்சதுன்னு நெனச்சிட்டிருந்தேண்ணே. அவனுக்கு என்னையத் தெரியாது. தெரியாம எழுதிட்டான், போவட்டும்னு இருந்துட்டேன்." என் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்கு என்னையத் தெரியும்."

புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தி, நீ வைத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.

என்னைப் பேருந்து நிற்கும் இடம்வரை கூட்டிவந்தான். பேருந்து தூரத்தில் தெரிந்தபோதுதான் சொன்னான்.

"இனிமே அந்த ஜோக்க என்னால சொல்ல முடியாதுண்ணே."

படகில் திரும்பும்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லை அவன் ஒரு வேடிக்கையாக மாற்றிச் சுமந்துகொண்டிருந்தான். முகம் தெரியாத ஒருவன்மேல் பழியைப் போட்டு, சிரித்துக் கடந்துகொண்டிருந்தான். நான் போய் அந்தச் சிரிப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேடினேன். அதற்கு அவன் தோளைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடியும்.

அவன் மகள் சடங்குக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. குணாவுக்கு வந்தது. குணா போய்வந்து, மாரி இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை என்றான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு ஆயர் ஈத்தாம் சந்தையில் மாரியைப் பார்த்தேன். மகளோடு வந்திருந்தான். பார்க்காததுபோல் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. நின்றான். மரியாதையாகக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். மகள், இவர் யார் என்று கேட்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"குணா மாமா வேல செஞ்ச ஸ்கூல்ல வாத்தியாரும்மா," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நல்லா இருக்கீங்களா, சார்?"